விடிகாலையில் மட்டும் 11 கே.வி. பேனலில் சீறல் சத்தம் – மெகர் நல்லா இருக்கு, விட்டுடலாமா?

உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில எலக்ட்ரிக்கல் இன்ஜினியரா இருக்கேன். சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. எங்க சப்ஸ்டேஷன் 110/11 கே.வி. உள்ளே 11 கே.வி. போர்டுல மொத்தம் 14 பேனல், எல்லாம் வேக்குவம் பிரேக்கர், 2009-ல போட்டது.

ரெண்டு வாரமா நைட் ஷிஃப்ட். விடிகாலை நாலு, நாலேகால் மணிக்கு ரவுண்ட்ஸ் போறப்ப 6-வது பேனலோட பின்பக்கம், கேபிள் சேம்பர் கிட்ட மெல்லிசா ஒரு சீறல் கேட்குது. சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா வருமே, அந்த மாதிரி, ஆனா விடாம. கூடவே ஜெராக்ஸ் கடையில வர்ற வாசனை. காலை பத்து மணிக்கு ஜெனரல் ஷிஃப்ட் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் நின்னா சத்தமும் இல்ல, வாசனையும் இல்ல.

மேலதிகாரிகிட்ட சொன்னேன். போன வருஷாந்திர மெயின்டனன்ஸ் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். 5 கே.வி. மெகர்ல (காப்போட எதிர்ப்பை அளக்குற கருவி) 6-வது பேனலோட மூணு ஃபேஸும் ஆர் 8.2, ஒய் 7.6, பி 8.0 ஜிகா ஓம். "இவ்வளவு நல்ல வேல்யூ இருக்கும்போது எதுக்கும்மா ஷட்டவுன்? கடல் காத்துக்கு அப்படித்தான் சத்தம் வரும்"னு சொல்லிட்டார். தப்பா சொல்லல, அவருக்கு உற்பத்தி நிக்கக்கூடாது. ஆனா எனக்குத் தூக்கம் வரல. அந்த ஃபீடர் போறது பாய்லர் ஹவுஸுக்கு. பேனலுக்குப் பின்னாடி தினமும் ஆள் நடமாட்டம் இருக்கு.

மெகர் சரின்னா நிஜமாவே பிரச்சினை இல்லையா? ஏன் விடிகாலையில மட்டும்? ஷட்டவுன் கேட்க நான் எதைக் கையில வச்சுக்கிட்டுப் போகணும்?

தெரிஞ்ச கான்ட்ராக்டர் ஒருத்தர் ரெண்டு நாளைக்கு டி.இ.வி. கருவி ஒன்னு கொடுத்திருக்கார், பேனலோட வெளித்தகட்டுல வச்சு உள்ளே பொறி தட்டுதான்னு பார்க்குறது. அதுல 6-வது பேனல் பின்பக்கம் கீழே 34 டெசிபல் காட்டுச்சு.

---

ஃபீடர்_தம்பி எழுதியது:

மேடம், 34 மட்டும் சொன்னா போதாது. பேக்கிரவுண்ட் எடுத்தீங்களா? பேனலோட சம்பந்தமே இல்லாத இரும்பு, ரூம் கதவு, ஜன்னல் கம்பி, தீயணைப்பான் ஸ்டாண்டு, இதுலயெல்லாம் வச்சுப் பார்க்கணும். எங்க ஆலையில ஒருதடவை எல்லா பேனலும் 30-க்கு மேல காட்டிப் பதறிட்டோம். கடைசியில பக்கத்து ரூம்ல ஓடிக்கிட்டிருந்த, மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ்தான் காரணம். கதவுலயே 31 இருந்துச்சு. 14 பேனலும், பகல், இராத்திரி ரெண்டு வேளையும் எடுத்துப் போடுங்க.

---

உப்புக்காற்று எழுதியது:

நன்றி தம்பி. எடுத்துட்டேன். கதவு 12, ஜன்னல் கம்பி 12, ஸ்டாண்டு 13.

விடிகாலை 4.15: பேனல் 5 – 25, பேனல் 6 – 34, பேனல் 7 – 24, பேனல் 11 – 26. மத்ததெல்லாம் 13-ல இருந்து 16 வரை.

பகல் 11 மணி: பேனல் 5 – 15, பேனல் 6 – 19, பேனல் 7 – 15, பேனல் 11 – 26. மத்தது மாறல.

---

டெஸ்டிங்_பெரியவர் எழுதியது:

அம்மா, நான் 31 வருஷம் ரிலே, டெஸ்டிங் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டு வரி அளவுகளைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பெயர் பார்ஷியல் டிஸ்சார்ஜ். சுருக்கி பி.டி. என்று எழுதினால் நம் ஆட்கள் பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மர் (வோல்டேஜை அளப்பதற்காகக் குறைத்துத் தரும் சின்ன மின்மாற்றி) என்று படிப்பார்கள், அதனால் டிஸ்சார்ஜ் என்றே எழுதுகிறேன். மின்காப்பு முழுவதும் உடைந்தால் அது ஃபால்ட், பிரேக்கர் டிரிப் ஆகிவிடும். இது அப்படி இல்லை. காப்பின் ஒரு மூலையில், ஒரு குமிழியில், அல்லது மேற்பரப்பில் ஒரு சின்னத் தூரத்துக்கு மட்டும் பொறி தட்டுகிறது. மீதிக் காப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் எந்த ரிலேவுக்கும் இது தெரியாது. மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில், அரித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் மெகர் விஷயம். எபாக்சிக்குள் வார்ப்பின்போது சிக்கிய ஒரு தட்டையான காற்றுக் குமிழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் மின்புலம் பொருளின் பெர்மிட்டிவிட்டியை, அதாவது புலத்தைத் தனக்குள் எத்தனை மடங்கு குறைக்கும் என்ற எண்ணைப் பொறுத்துப் பிரியும். எபாக்சிக்கு அது சுமார் 4, காற்றுக்கு 1. ஆக, குமிழிக்குள் புலம் சுற்றியிருக்கும் எபாக்சியைவிட நாலு மடங்கு. தாங்கும் சக்தியோ காற்றுக்குத்தான் குறைவு, மில்லிமீட்டருக்கு சுமார் 3 கே.வி. 11 கே.வி. சிஸ்டத்தில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 6.35 கே.வி., அதன் உச்சம் 9 கே.வி.க்குப் பக்கம். குமிழி ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் வெடிக்கும், விநாடிக்கு 100 முறையாவது. மெகர் கொடுப்பது டி.சி. அதில் ஒருமுறை வெடித்த குமிழி மறுபடி சார்ஜ் ஏறவே நிமிஷக்கணக்கில் ஆகலாம். குமிழிக்கு முன்னாலும் பின்னாலும் நல்ல எபாக்சி இருப்பதால் கசிவு மின்னோட்டமும் ஏறாது. முள் அசையாமல் 8 ஜிகா ஓம் என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1996-ல் ஒரு ஆலையில் 11 கே.வி. எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் காப்பு) கேபிளின் டெர்மினேஷனுக்கு, அதாவது முனை இணைப்புக்கு, மெகர் பார்த்து, நல்லது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 41-ஆம் நாள் ஒய் ஃபேஸ் வெடித்தது. ஆள் யாரும் பக்கத்தில் இல்லை, அது தெய்வ புண்ணியம். அடுத்த நாள் வெடிக்காத பி ஃபேஸைக் கழற்றி, சூரிய வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறுப்பு செமிகான் (ஓரளவு மின்சாரம் கடத்தும்) படலத்தை வெட்டிய இடத்தில் ஜாயின்டர் கத்தி ஆழமாக இறங்கி, வெள்ளை இன்சுலேஷனில் வட்டமாக ஒரு கீறல். முடி அளவுதான் இருக்கும். அந்தக் கீறலிலிருந்து உள்ளே, முருங்கைக் கொத்து மாதிரி கிளைவிட்டு, பழுப்பு நிறத்தில் ஒரு மரம் வளர்ந்திருந்தது. நகக்கண் அளவு. அதைப் பார்த்த பிறகு மெகரை மட்டும் வைத்து எந்த டெர்மினேஷனுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இனி உங்கள் டெசிபல். இந்தக் கருவியில் 0 என்றால் 1 மில்லிவோல்ட். 12 என்பது 4, 26 என்பது 20, 34 என்பது 50 மில்லிவோல்ட். டிஸ்சார்ஜ் நானோ விநாடிகளில் முடிகிற பொறி. அதனால் எழும் அதிவேக மின்னோட்டம் தகட்டின் தோலிலேயே ஓடும், தகட்டைத் துளைக்காது. கேஸ்கெட், மூடி இடுக்கு வழியாக வெளியே வந்து பேனலின் வெளிப்புறத் தோலில் ஓடும்போது நம் சென்சார் பிடிக்கிறது. 1974-ல் பிரிட்டனில் ஜான் ரீவ்ஸ் என்பவர் கண்டறிந்தது இது. 20-க்குக் கீழே சாதாரணம், 29-ஐத் தாண்டினால் உடனே கவனி என்பது பரவலாகப் புழங்கும் அளவு. தம்பி சொன்னது போல பேக்கிரவுண்டோடு ஒப்பிட வேண்டும், அதைவிட 10 கூடினால் சந்தேகப்படலாம். உங்கள் பேக்கிரவுண்ட் 12. நல்ல சுத்தமான அறை. ஆகவே 34 நிஜம். 5-ம் 7-ம் 6-இலிருந்து வழிந்து வருவது, அவற்றுக்குத் தனி நோய் இல்லை.

ஏன் விடிகாலை? கடலோரத்தில் காப்பின் மேல் உப்பு படியும். காய்ந்த உப்பு மின்சாரம் கடத்தாது. ஆனால் சோற்று உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். விடிகாலையில் தகடு குளிர்ந்து, டிரெஞ்சு ஈரம் மேலே ஏறி, எபாக்சியின் மேல் உப்புநீர்ப் படலம் உண்டாகும். அதில் கசிவு ஓடும், ஓடுகிற சூட்டில் ஒரு பட்டை மட்டும் முதலில் காயும், முழு வோல்டேஜும் அந்தக் காய்ந்த பட்டையின் குறுக்கே விழும், பொறி தாண்டும். நீங்கள் கேட்ட சீறல் அது. ஜெராக்ஸ் கடை வாசனை ஓசோன். பத்து மணிக்கு எல்லாம் காய்ந்துவிடும். ஷட்டவுன் எடுத்து, பகலில் துடைத்துவிட்டு மெகர் பார்த்தால் ஜிகா ஓம் வராமல் என்ன வரும்?

உங்கள் 6-வது பேனலில் ஸ்பேஸ் ஹீட்டர் (உள்ளே ஈரம் படியாமல் சூடு கொடுப்பது) ஓடுகிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். ஆம்பியர் கிளாம்ப் போட்டால் தெரிந்துவிடும். கேபிள் டிரெஞ்சில் தண்ணீர் நிற்கிறதா, கிளாண்ட் பிளேட் (கேபிள் நுழையும் தகடு) ஓட்டை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கருவியிலேயே 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் இருந்தால் ஹெட்போன் மாட்டி மூடியின் இடுக்கில் காட்டுங்கள். மேற்பரப்பு டிஸ்சார்ஜுக்கு டி.இ.வி.யை விட அதுதான் நல்ல காது. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி கேட்கும். மூடியை மட்டும் சப்ளை இருக்கும்போது திறக்காதீர்கள், ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். அதுவரை பின்பக்க நடமாட்டத்தைக் கயிறு கட்டி நிறுத்துங்கள். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். 6-வது பேனல் சத்தம் போடுகிறது, ஈரத்தோடு ஏறி இறங்குகிறது, ஹீட்டரும் துணியும் வைத்தே பாதி சரிசெய்யலாம். 11-வது பேனல் சத்தமே போடவில்லை. விடிகாலை 26, பகலும் 26. ஈரம் அதைத் தொடவே இல்லை. அப்படியென்றால் அது மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. வார்த்த எபாக்சிக்குள்ளோ கேபிள் டெர்மினேஷனுக்குள்ளோ. உள்ளே இருப்பதைத் துடைக்க முடியாது. அந்தப் பேனலில் என்ன இருக்கிறது?

---

உப்புக்காற்று எழுதியது:

ஐயா, உங்க பதிலை மூணு தடவை படிச்சேன். 11-வது பேனல் பஸ் பி.டி. பேனல், பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மரைத்தான் சொல்றேன். டிராலியில வெளிய இழுக்குற மாதிரி. கேபிள் கிடையாது.

6-வது பேனல் ஹீட்டர்ல கரென்ட் ஓடல. பூஜ்யம். பின்பக்கம் கயிறு கட்டிட்டேன்.

---

டெஸ்டிங்_பெரியவர் எழுதியது:

அப்படியானால் உங்களுக்கு வேலை சுலபம். முறைப்படி அனுமதி வாங்கி, அந்த பி.டி.யிலிருந்து வோல்டேஜ் எடுக்கிற அண்டர்வோல்டேஜ் ரிலேக்களை (வோல்டேஜ் குறைந்தால் டிரிப் செய்பவை) முதலில் தடுத்துவிட்டு, டிராலியை மட்டும் வெளியே இழுங்கள். பஸ் உயிரோடு இருக்கட்டும். அளவு 26-லேயே நின்றால் குற்றவாளி பஸ்பார் பக்கம். பேக்கிரவுண்டுக்கு இறங்கினால் பி.டி.தான்.

பி.டி. என்று தெரிந்தால் அதை லேபில் ஐ.இ.சி. 60270 தர முறையில் பிக்கோகூலும் (மின்னூட்டத்தின் மிகச் சிறிய அலகு) கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். எபாக்சி இன்ஸ்ட்ருமென்ட் டிரான்ஸ்பார்மருக்கு, அதன் உச்ச சிஸ்டம் வோல்டேஜை ரூட் 3-ஆல் வகுத்து 1.2 மடங்கு கொடுக்கும்போது 20 பிக்கோகூலும் வரை அனுமதி. அந்த எண்ணையும் உங்கள் டெசிபலையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். பொறி எங்கே இருக்கிறது, இடுக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வெளியே வருவது மாறும், இரண்டுக்கும் சூத்திரம் இல்லை. பேஸ் ரிசால்வ்டு படமும் கேளுங்கள், வோல்டேஜ் அலையின் எந்த இடத்தில் பொறி தட்டுகிறது என்று காட்டுவது அது. உள்குமிழி என்றால் இரண்டு அரைச் சுழற்சியிலும் வோல்டேஜ் ஏறும் பக்கத்தில், ஒன்றுபோல இரண்டு மேகம் தெரியும்.

6-வது பேனல் ஷட்டவுன் கிடைத்ததும் உடனே துடைத்துவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள். சந்தேகமான இன்சுலேட்டரைக் கழற்றி மேசையில் வைத்து, காய்ந்த நிலையில் 1 கே.வி. மெகர் பாருங்கள். பிறகு செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரேயரில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, பனி மாதிரி ஒரு முறை அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். மேலதிகாரியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

---

யார்டு_110 எழுதியது:

ஐயா, இதே திரியில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் 110/22 கே.வி. மின்மாற்றியின் ஆயில் கேஸ் ரிப்போர்ட்டில் இந்த முறை அசிட்டிலின் 14 பி.பி.எம்., ஹைட்ரஜன் 5 பி.பி.எம். போன வருஷம் அசிட்டிலின் இல்லவே இல்லை. உள்ளே ஆர்க் அடிக்கிறது என்று பயமுறுத்துகிறார்கள். மின்மாற்றியை இறக்க வேண்டியிருக்குமா?

---

டெஸ்டிங்_பெரியவர் எழுதியது:

அவசரப்பட்டு இறக்காதீர்கள் தம்பி. மெயின் டேங்கில் ஆர்க் அடித்தால் அசிட்டிலினோடு ஹைட்ரஜனும் நிறைய வரும். உங்களுக்கு அசிட்டிலின், ஹைட்ரஜனைப் போல மூன்று மடங்குக்குப் பக்கம் இருக்கிறது. இந்த விகிதம் 2, 3 என்று இருந்தால் டேப் சேஞ்சர் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) ஆயில் மெயின் டேங்குக்குக் கசிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது ஐ.இ.சி. 60599. டேப் மாறும்போது ஆர்க் அடிப்பது அங்கே அன்றாட வேலை, அந்த ஆயிலில் அசிட்டிலின் இருக்கத்தான் செய்யும். டைவர்ட்டர் சேம்பர் (டேப் சேஞ்சரின் அறை) சீல் சரியா, இரண்டு ஆயிலுக்கும் கன்சர்வேட்டர் (மேலே இருக்கும் ஆயில் தொட்டி) தனித்தனியா என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்து மறு சாம்பிள், சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் எடுங்கள். ஹைட்ரஜனும் சேர்ந்து ஏறினால் உடனே எழுதுங்கள். அப்போது டேங்க் சுவரில் அக்கூஸ்டிக் சென்சார்கள் ஒட்டி இடம் தேடலாம். ஆயிலில் சத்தம் விநாடிக்கு சுமார் 1,400 மீட்டர் போகும். மின்துடிப்பு வந்த 1 மில்லிவிநாடி கழித்து ஒரு சென்சாருக்குச் சத்தம் வந்தால் பொறி 1.4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். நாலு சென்சார் இருந்தால் இடம் கையில் கிடைத்துவிடும்.

---

உப்புக்காற்று எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

முதல்ல 11. டிராலியை இழுத்ததும் 26-ல இருந்து 13-க்கு இறங்கிடுச்சு. மறுபடி உள்ள தள்ளினோம், 26. ரெண்டு தடவை செஞ்சு காட்டினேன். மேலதிகாரி ஒன்னும் பேசல, ஸ்டோர்ல இருந்த ஸ்பேர் பி.டி.யை இன்னிக்கே மாத்துன்னு சொன்னார். ஸ்பேர் போட்டதுக்கு அப்புறம் 13. பழசு லேபுக்குப் போயிருக்கு.

அவரே கேட்டு வாங்கிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன்ல 6-வது பேனலைத் திறந்தோம். லைன் கிளியர் (சப்ளை துண்டிச்சாச்சுங்கிற அனுமதி) வாங்கி, டிஸ்சார்ஜ் ராட் போட்டு, எர்த் பண்ணினதுக்கு அப்புறம்தான். கேபிள் சேம்பர்ல ஒய் ஃபேஸ் சப்போர்ட் இன்சுலேட்டர் முழுக்க வெள்ளைப் பொடி, கோலமாவு தூவின மாதிரி. அதுக்கு நடுவுல எறும்பு வரிசை போல மெல்லிசா ரெண்டு கறுப்புத் தடம், நீளம் 3 சென்டிமீட்டர் இருக்கும். மேலே செம்பு பட்டையோட போல்ட் ஓரமெல்லாம் பச்சை பிடிச்சிருந்தது. கிளாண்ட் பிளேட்ல ரெண்டு ஓட்டை அடைக்காமலே விட்டிருக்காங்க, டிரெஞ்சுல முழங்கால் அளவு தண்ணி.

கழற்றி மேசையில வச்சு மெகர் பார்த்தேன். 6 ஜிகா ஓம். மேலதிகாரி பக்கத்துலதான் நின்னார். ஸ்ப்ரேயரை ஒரே ஒரு தடவை அழுத்தினேன். முள் விழுந்துச்சு. 11 மெகா ஓம். அவர் ஸ்ப்ரேயரை என் கையில இருந்து வாங்கி, அந்த இன்சுலேட்டரைத் துடைச்சுக் காய வச்சு, தானே ஒரு தடவை செஞ்சு பார்த்தார். 9 வந்துச்சு.

இன்சுலேட்டர் மூணும் புதுசு. 14 ஹீட்டர்ல 5 வேலை செய்யல, எல்லாம் மாத்தியாச்சு. ஓட்டை அடைச்சாச்சு, டிரெஞ்சுக்கு பம்ப் போட்டாச்சு. நேத்து விடிகாலை 4.20-க்குப் போய் நின்னேன். 6-வது பேனல் 14. ஹெட்போன்லயும் ஒன்னும் கேட்கல. கயிறை அவிழ்த்துட்டேன்.

மாசத்துக்கு ஒரு தடவை, விடிகாலையிலயும் பகல்லயும், 14 பேனலும் எழுத ஒரு நோட்டுப் போட்டிருக்கேன். அறை ஈரப்பதம், கதவோட அளவு ரெண்டுக்கும் தனிக் கட்டம். ஐயா, வேற ஏதாவது கட்டம் சேர்க்கணுமா?

---

டெஸ்டிங்_பெரியவர் எழுதியது:

அந்த நேரத்தில் ஓடிய லோடு, பஸ் வோல்டேஜ் இரண்டையும் சேருங்கள் அம்மா. வோல்டேஜோடு ஏறினால் ஒரு கதை, லோடோடு ஏறினால் வேறு கதை, லூஸ் கனெக்‌ஷனாகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு பேனலிலும் சென்சார் வைக்கும் இடத்தைப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவிடுங்கள், அடுத்தவர் எடுத்தாலும் அதே இடமாக இருக்க வேண்டும்.

பி.டி. லேப் ரிப்போர்ட் வந்ததும் படத்தை இங்கே போடுங்கள். பார்க்க வேண்டும்.

---

உப்புக்காற்று எழுதியது:

வந்துடுச்சு ஐயா. 5.1 கே.வி.யிலேயே டிஸ்சார்ஜ் ஆரம்பிக்குதாம். ஓடுற வோல்டேஜ் 6.35-ல 430 பிக்கோகூலும். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு மேகம், ஒன்னு போல. படத்தை நாளைக்கு ஸ்கேன் பண்ணிப் போடுறேன். அதே வருஷம், அதே பேட்ச்ல வந்த பி.டி. இன்னொன்னு 3-வது பேனல்ல இருக்கு. இப்போ அது 15. இனி வாரம் ஒரு தடவை எடுக்கப்போறேன்.